பதினொன்றுக்கு மேல்

ரேஷன் கடைக் கட்டடத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள்.
எனக்கும் ஒன்று.
தினம் பதினொரு மணிக்கு
என் இட்லிச் சட்டி மூடியை லத்தியால் தட்டி
"ஏக்கா, கட்டு கட்டு" என்கிற ஏட்டு
அன்றைக்கு எனக்கு டீ கொண்டுவந்து கொடுத்தார்.
நாக்குச் சுட்ட பிறகும் நம்ப முடியவில்லை.

செல்லூர்க் கண்மாய்க்கரையில்
இரண்டு மாசத்தில் மூன்று சங்கிலி.
மூன்றாவது ராக்கு மதினியின் தாலிக்கொடி;
இழுத்த தடம்
மஞ்சள் பூசினாலும் தெரிகிறது.
"போலீஸ் மட்டும் போதாதும்மா,
உங்க கண்ணும் வேணும்"
என்றார் இன்ஸ்பெக்டரம்மா.
கண் என்றதும்
எல்லோருக்கும் கேமரா என்றே கேட்டது.
வீட்டுக்கு ஐந்நூறு.
அடகுக்கடை நாகராம் பதினைந்தாயிரம்.
கைதட்டு அடங்கியதும்
கல்வெட்டில் பேர் வருமா என்று கேட்டார்.
கேமராவுக்கு ஏது கல்வெட்டு?
கம்பத்தில் எழுதிக்கொள்ளலாம் என்று முடிவானது.

"வாய்க்காலுக்கு அங்கிட்டு இருக்கிற பயலுகள
மொதல்ல எழுதுங்க"
என்றது ஒரு குரல்.
இன்ஸ்பெக்டரம்மா பேனாவை மூடிவைத்தார்.
கடைசி வரிசையில்
நாற்காலி காலியாக இருந்தும்
நின்றுகொண்டிருந்தான் கார்மேகம்.

அப்புறம் ஜீனத் எழுந்தாள்.
பெரியாஸ்பத்திரி நர்ஸ், கடைசி பஸ்ஸில் வருகிறவள்.
"டிரான்ஸ்பார்மர்லருந்து ஒச்சம்மாக்கா வண்டி வரைக்கும்
நூத்தி நாப்பத்தெட்டு எட்டு, மேடம்.
எண்ணிருக்கேன்.
வண்டியில வெளிச்சம் இருந்தா நடப்பேன்.
கட்டிட்டுப் போயிருந்தா ஓடுவேன்."

யாரும் கைதட்டவில்லை.
மின்விசிறி மட்டும் கடகடத்தது.
எனக்கு எங்கிருந்து வாய் வந்ததோ,
"கேமரா பாக்கும் மேடம்.
கத்துனா எந்திரிச்சு வராது.
ஒரு மணி வரைக்கும் என்னய விடுங்க" என்றேன்.
ஏட்டு விட்டத்தைப் பார்த்தார்.
எழுத்தில் தர முடியாது,
ஆனால் மூடியில் லத்தி விழாது என்றார்கள்.

இன்னொன்று இருந்தது. அதைச் சொல்லவில்லை.

பங்குனியில், முதல் சங்கிலி அறுந்த ராத்திரி
இருட்டில் நான் பார்த்தது
ஒரு பைக்கின் பின்புறமும் சிவப்புச் சட்டையும்.
சிவப்புச் சட்டையோடு முக்குத் திரும்பினான் கார்மேகம்,
கையில் பால் பாக்கெட்.
"அவந்தேன்!"
கத்தியது நான்.
ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள்.
பால் பாக்கெட் எங்கோ மிதிபட்டு
விடிந்து பார்த்தால் எறும்பு.
நாலாம் நாள் மேலூரில் பிடிபட்டவனின் சட்டை
பச்சை.

தீர்மானப் புத்தகத்தில்
இதற்கு வரி கிடையாது.
நானும் டீயைக் குடித்துமுடித்து
கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

இப்போது கம்பத்தில் ஒரு சிவப்புப் பொட்டு.
கரண்டு போனால் முதலில் கண்ணை மூடுவது அதுதான்.
என் சார்ஜர் லைட் நாலு மணி நேரம் நிற்கும்.
ரோந்து நோட்டு என் வண்டி ஆணியில் தொங்குகிறது;
பக்கத்துக்குப் பக்கம் சட்னிக் கறை,
அதன் மேலேயே ஏட்டின் கையெழுத்து.
ஜீனத் வருகிறாள். ஓடவில்லை.
பாதி வழியில் நின்று
பையை மறு தோளுக்கு மாற்றிக்கொள்கிறாள்.

பார்சல் வேலை முடித்து
பன்னிரண்டுக்குக் கொஞ்சம் முன்னால் வருவான் கார்மேகம்.
நாலு இட்லி.
கேட்காமல் ஊற்றிய சட்னியைத்
தொடாமல் ஒதுக்குவான்.
காசு சரியாக இருக்கும்,
ஒரு ரூபாய் கூட இல்லை, குறைவும் இல்லை.
ஸ்டூலை மட்டும் திருப்பிப் போட்டுக்கொள்வான்,
எனக்கு முதுகு, ரோட்டுக்கு முகம்.
ஜீனத் வீட்டுக் கேட் சாத்துகிற சத்தம் வரும்வரை
மெதுவாகத்தான் சாப்பிடுவான்.

பிறகு இலையை மடிப்பான்.
தன் பக்கமாகவா,
எதிர்ப்பக்கமாகவா,
குனிந்து பார்க்க
எனக்கு இன்னும் துணிச்சல் வரவில்லை.